ஏறுசாய்வு: நிமிடக் கணக்கு இல்லை, தூரக் கணக்கு

விமானம் மேலேறுவதைச் சொல்லும் 'கிளைம்ப் கிரேடியன்ட்' என்ற சொல்லைத் தமிழில் 'ஏற்ற விகிதம்' என்று எழுதினால் போதாதா என்று தோன்றும். போதாது. அந்தச் சொல்லைப் பார்ப்பவர் நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார், அது வேறு சங்கதி, அதற்கு 'ஏறுவேகம்' என்று பெயர் வைத்துவிடலாம். கிரேடியன்ட் என்பது தூரக் கணக்கு: ஒரு கடல் மைல் முன்னே போவதற்குள் எத்தனை அடி மேலே போயிருக்க வேண்டும் என்பது.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'கிரேடஸ்' என்றால் காலடி, படி. கிரேடு, டிகிரி எல்லாம் அதே குடும்பம். தமிழில் 'சரிவு' என்றாலே கீழே போவதுதான் மனதில் வரும், 'ஏற்றச் சரிவு' என்று சேர்த்தால் ஒன்றையொன்று இழுக்கும். 'சாய்வு' எந்தப் பக்கமும் சாராதது, கணக்குப் பாடத்திலும் பழகிய சொல். அதனால் 'ஏறுசாய்வு' என்பதே என் தேர்வு.

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் புறப்படும்போது வழக்கமான குறைந்தபட்ச ஏறுசாய்வு, அமெரிக்க முறைப்படி கடல் மைலுக்கு 200 அடி. இதில் 152 அடி தடைகளுக்கு மேலே வகுத்த கற்பனைச் சாய்தளத்துக்கு, மீதி 48 அடி பாதுகாப்பு இடைவெளி. சர்வதேச முறையில் இதையே 3.3 சதவீதம் என்பார்கள். மலை அந்தத் தளத்தைக் குத்திக்கொண்டு நின்றால் விமானிக்கான புறப்பாட்டு வரைபடத்தில் கூடுதல் எண் அச்சாகியிருக்கும்.

வரைபடம் கடல் மைலுக்கு 400 அடி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரைவேகம், அதாவது தரையை வைத்துப் பார்க்கும் வேகம், 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 2 கடல் மைல், ஆக ஏறுவேகம் 800 அடி வேண்டும். இப்போது பின்னாலிருந்து 30 நாட் காற்று தள்ளுகிறது, தரைவேகம் 150 ஆகிவிட்டது, ஆனால் ஏறுவேகம் காட்டும் கருவியின் முள் அதே 800-இல் நிற்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் கடல் மைலுக்கு 320 அடிதான் கிடைக்கிறது. 5 கடல் மைல் போனதும் இருக்க வேண்டிய உயரத்துக்கு 400 அடி கீழே விமானி இருப்பார், மலை எங்கே என்று கண்ணுக்கும் தெரியாது. 'விகிதம்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் ஒன்று, வரைபடத்தில் உள்ள எண் எல்லா எஞ்சினும் ஓடும் நிலைக்கானது. ஒன்று நின்றுபோனால் எந்த வழியில், எவ்வளவு ஏறுசாய்வில் தப்பிக்கலாம் என்பதைத் தனியாகக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும்.