கறி போடுங்கள், வேகவைத்துப் போடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கத்திலிருந்து நாய்களைக் கொண்டுவருகிறவர்கள் இப்போதெல்லாம் என்னிடம் அதிகம் கேட்பது பச்சைக்கறியைப் பற்றித்தான். சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகள் போனில் சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் ஏதாவது வீடியோ பார்த்திருப்பார்கள். "நாய் ஓநாய் வம்சம் டாக்டர், அதுக்குச் சமைச்ச சாப்பாடே ஒத்துக்காதாமே? பச்சைக்கறியும் எலும்பும்தான் கொடுக்கணுமாமே?" நாயின் மேல் உள்ள பிரியத்தில் கேட்கிறார்கள். அதனால் பதிலை முழுதாகவே எழுதிவிடுகிறேன். கறி நாய்க்கு நல்ல உணவு. பச்சையாக மட்டும் வேண்டாம்.

நம் ஊரில் பச்சைக்கறி நாய்க்கு இரண்டு வழியில் போகிறது. ஒன்று, ஆசையாக வளர்க்கும் லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் எலும்பில்லாக் கறி, ஈரல், கோழிக் கழுத்து என்று பார்த்துப் பார்த்து வாங்கிப் போடுவது. இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சொந்தக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், காவலுக்கு இரண்டு நாய்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் கோழிக்கடையில் தலை, கால், குடல் எல்லாம் கிடக்கும் டிரம்மிலிருந்து ஒரு பையில் அள்ளிவந்து போடுகிறார். செலவு கிடையாது, நாயும் ஆவலாகத் தின்னும். முதல் வகையினர் அதைப் புதுமுறை உணவு என்கிறார்கள், இரண்டாம் வகையினருக்கு அது மிச்சம் பிடிக்கும் வழி. நாயின் வயிற்றுக்குள் போவது இரண்டிலும் ஒன்றுதான்.

இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட். 1993இலிருந்து அவருடைய கருத்துகள் பல நாடுகளுக்கும் போயின. ஓநாய் தின்பதைத்தான் நாயும் தின்ன வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆனால் நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. 2013இல் ஓநாய், நாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் என்ற நொதிக்கான மரபணு ஓநாய்க்கு இரண்டே பிரதிகளும், நாய்க்கு நாலிலிருந்து முப்பது பிரதிகள் வரையும் இருப்பது தெரிந்தது. அதாவது, நாம் சாப்பிடும் தானியத்தைச் செரிக்கும்படி நாயின் உடம்பு மாறியிருக்கிறது. ஆய்வு சொல்லாவிட்டாலும் நமக்குத் தெரியாததா? சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கேழ்வரகுக் கூழும் மோர்ச்சோறும் குடித்து வளர்ந்த நாய்கள்தானே.

பச்சைக்கறி போட்டபின் முடி பளபளக்கிறது, மலம் குறைவாகப் போகிறது என்கிறார்கள். உண்மைதான். கறியில் கொழுப்பு இருக்கிறது, முடி பளபளக்கும். கறி நன்றாகச் செரிக்கும், மலம் குறையும். அதே கறியை வேகவைத்துப் போட்டாலும் இதெல்லாம் நடக்கும்.

இனி, பச்சையாகப் போட்டால் கூடவே என்ன வருகிறது என்று பார்ப்போம். கோழிக்கறியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருப்பது சாதாரணம். நாம் அதைக் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைப்பதால் தப்பித்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், நாய் பூனைகளுக்கென்றே பாக்கெட்டில் விற்ற பச்சை உணவு மாதிரிகள் 196ஐச் சோதித்தார்கள். 15இல் சால்மொனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. தொழிற்சாலையில் தயாரித்து, உறையவைத்து விற்கும் சரக்கின் நிலைமையே இது. நம் சித்திரை வெயிலில் காலையிலிருந்து கொக்கியில் தொங்கிய கறியும், டிரம்மில் கிடந்த கோழிக்கழிவும் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது, பெருகாமல் நிற்கும், அவ்வளவுதான். மத்தியானம் கரண்ட் போய் வந்தால் அதுவும் இல்லை.

"நாய் வயித்துல ஆசிட் ஜாஸ்தி, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். பல நாய்களுக்கு ஒன்றும் ஆகாததுதான் பிரச்சினையே. வெளியில் நன்றாக இருக்கும் நாய், மலத்தில் சால்மொனெல்லாவை விட்டுக்கொண்டே இருக்கும். கறி தின்ற அதே வாயால் பேரப்பிள்ளையின் முகத்தை நக்கும், வளவில் அது புரண்ட தரையில் குழந்தை தவழும். கறி வெட்டிய கத்தியும் பலகையும் அடுப்படிக்கே திரும்பிப் போகும். வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதான ஆச்சி, சர்க்கரை நோயாளி, கீமோதெரபி எடுத்துக்கொள்கிறவர் என யாராவது இருந்தால் பச்சைக்கறியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்றும் உண்டு. பச்சைக்கறி தின்னும் நாய்களின் மலத்தில், மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலை கிருமிகள் கூடுதலாக இருப்பதை ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கோழிப் பண்ணைகளில் ஆண்டிபயாடிக் புழங்கும் நாடு நம்முடையது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிக்கும் கொடுத்துவந்தார்கள். அரசு 2019இல்தான் அதைத் தடை செய்தது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஆட்டு ஈரலும் நுரையீரலும். கறிக்கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்: சில ஆடுகளின் ஈரலில், நுரையீரலில் தண்ணீர் நிறைந்த கட்டிகள் இருக்கும். அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்து, கடை ஓரம் நிற்கும் நாய்க்கு வீசிவிடுவார்கள். காவல் தெய்வத்துக்குக் கிடா வெட்டும் இடத்திலும் இதுதான் நடக்கிறது. அந்தக் கட்டிக்குள் இருப்பது எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் குஞ்சுகள். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுக்களாக வளரும். ஆறேழு வாரத்தில் முட்டைகள் மலத்தில் வரத் தொடங்கும். நாய்க்கு இருமல் இல்லை, கழிச்சல் இல்லை, எலும்பும் தோலுமாகப் போவதும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த முட்டைகள் நாயின் முடியில் ஒட்டும், மண்ணில் விழும், கீரைப் பாத்திக்குப் போகும். அங்கிருந்து நம் கைக்கும் வாய்க்கும். மனித உடம்புக்குள் போன முட்டை ஈரலிலோ நுரையீரலிலோ கட்டியாக வருடக்கணக்கில் மெல்ல வளரும். வயிறு கனக்கிறது என்று ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவரும். பெரிய கட்டியாகிவிட்டால் பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். கட்டி உள்ளுக்குள்ளேயே உடைந்தால் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே கறிக்கடைக்காரர்களுக்கும் கோயில் வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டியுள்ள ஈரலை நாய்க்குப் போடாதீர்கள். எரித்துவிடுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். நாய் வளர்ப்பவர்கள் சுவரொட்டி (மண்ணீரல்), ஈரல், நுரையீரல் எது வாங்கினாலும் நன்றாகக் கொதிக்கவைத்தே போட வேண்டும். வேக வைத்தால் புழுக்குஞ்சு செத்துவிடும். பூச்சி மருந்து கொடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம், எல்லாப் பூச்சி மருந்தும் இந்தப் புழுவைக் கொல்லாது. மாத்திரையில் பிராசிகுவாண்டல் என்ற மருந்து இருக்க வேண்டும். வெறும் கொக்கிப்புழு, உருண்டைப்புழு மருந்து கொடுத்துவிட்டுப் பல வருடம் நிம்மதியாக இருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது குட்டிகள். நாலு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "திண்ணையில இருந்து குதிச்சது டாக்டர், கால் பிசகிடுச்சு போல." எக்ஸ்ரே எடுத்தால் பிசகு இல்லை, எலும்பு முறிந்திருக்கும். படத்தில் எலும்பும் சதையும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் தெரியும், எலும்பு அவ்வளவு மெலிந்துபோயிருக்கும். என்ன சாப்பாடு என்று கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள்: "சோறே போடுறதில்ல, எலும்பில்லாக் கறி மட்டும்தான்." அங்கேதான் சிக்கல். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை இருக்க வேண்டும். வெறும் கறியில் கால்சியம், பாஸ்பரஸில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. ரத்தத்தில் கால்சியம் குறையக்கூடாது என்பதால் உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். குட்டி முதலில் விளையாட்டைக் குறைக்கும், பிறகு நடக்க யோசிக்கும், தூக்கினால் கத்தும், முன்னங்கால் வளையும். சீக்கிரம் கண்டுபிடித்து உணவைச் சரிசெய்தால் பெரும்பாலான குட்டிகள் தேறிவிடும். முதுகெலும்பு நொறுங்கி வந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை. இது வேகவைத்த கறியிலும் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கால்சியம் சேர்க்காத எந்தக் கறி உணவும் குட்டிக்கு ஆபத்துதான். அதற்காக, பாக்கெட் உணவு ஒழுங்காகத் தின்னும் ராட்வைலர், கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியம் டானிக்கையும் சேர்த்து ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணலாகும்.

கால்சியத்துக்குத்தான் எலும்பு போடுகிறோமே என்பார்கள். சமைத்த கோழி எலும்பு கூராக உடையும், குடலைக் குத்தும். இது பலருக்குத் தெரியும். பச்சை எலும்பு பத்திரம் என்ற பேச்சில் பாதிதான் உண்மை. ஆட்டுத் தொடை எலும்பைக் கடித்து மேல் கடைவாய்ப்பல் பிளந்த நாய்களும், எலும்புத்தூள் இறுகிச் சுண்ணாம்புக் கட்டிபோல் மலம் அடைத்த நாய்களும், தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் துண்டு சிக்கிய நாய்களும் இருக்கின்றன. எலும்பு சிக்கினால் நாய் எச்சில் ஒழுக்கும், கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரிக்கும், தண்ணீர்கூட இறங்காது. நமக்கு மீன் முள் குத்தினால் சோற்றுருண்டை விழுங்குவதுபோல நாய்க்கும் வாழைப்பழத்தைத் திணிக்கிறார்கள். அதைச் செய்யவே வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். எதுவும் கொடுக்காமல் உடனே கொண்டுவாருங்கள்.

கோழிக் கழுத்து போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு, பச்சைக் கோழி தின்பதற்கும் நாய்களுக்கு வரும் ஒருவகைப் பக்கவாதத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. பின்னங்கால் தளரத் தொடங்கி நாலு காலும் விழுந்துவிடும். கேம்பிலோபாக்டர் கிருமிதான் அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

அப்படியானால் என்னதான் போடுவது? நாம் சாப்பிடும் குழம்புச் சோற்றுக்குத் திரும்பச் சொல்லவில்லை. செட்டிநாட்டுச் சமையலில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு ஏது? இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் கொதித்தாலும் அந்த நஞ்சு போகாது. ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே நாயைப் பாதிக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்துகொள்ளும். ஈறு வெளிறி, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது என்று வரும் நாய்களின் வீட்டில் முதலில் உண்ணிக் காய்ச்சலைச் சந்தேகிப்பேன். அடுத்து, முந்தின நாள் என்ன குழம்பு என்று கேட்பேன்.

வீட்டிலேயே செய்து போட விரும்பினால், நாய்க்கென்று தனியாக, மசாலா இல்லாமல் செய்யுங்கள். 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 கலோரி வேண்டும். தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறி 250 கிராம், குழைய வடித்த சோறு 350 கிராம், வெந்த ஈரல் 25 கிராம், பூசணியோ கேரட்டோ ஒரு கைப்பிடி, ஒரு டீஸ்பூன் எண்ணெய், நன்றாகக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு அரை டீஸ்பூன். இரண்டு வேளையாகப் பிரித்துப் போடலாம். ஈரலை இதற்குமேல் கூட்ட வேண்டாம், வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். இந்தக் கணக்கும் தொடக்கத்துக்குத்தான், துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ இதில் போதாது. கலிஃபோர்னியாவில் 2013இல், வீட்டில் நாய்க்குச் செய்யும் 200 சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. அதனால் உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேவையான சத்துக்கலவையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் சரிவிகித உணவு என்று அச்சிட்ட நல்ல பாக்கெட் உணவைப் போடுவதில் ஒரு தவறும் இல்லை. காவல் நாய்க்குக் கோழிக்கழிவு போடுகிறவர்கள், குடலையும் தலையையும் விட்டுவிட்டு, கல்லீரல், இரைப்பை, சதைத் துண்டுகளை மட்டும் வாங்கிச் சோற்றோடு வேகவைத்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பச்சையாகப் போட்டுவந்திருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெந்த உணவுக்கு மாற்றுங்கள். நாயின் எடை பார்த்து பிராசிகுவாண்டல் உள்ள பூச்சி மருந்து கொடுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் அதன் மலத்தைக் கையுறை போட்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். தெருவில் கண்டதையும் தின்னும் நாயென்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இந்த மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியாக இருந்தால், நொண்டாவிட்டாலும் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், நாய்க்குப் பச்சைக்கறி போட்ட விவரத்தை உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாயைப் பற்றி அவராகக் கேட்பது அபூர்வம்.