ரெட்டினோபதி என்றால் விழித்திரை நோய்: ஒரு சொல்லும் அதன் உறவுகளும்

மொரிசியஸில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கண் பரிசோதனைக்குப் போய்த் திரும்பும்போது கையில் வரும் தாளில் இந்தச் சொல்லை அடிக்கடி பார்க்கலாம். டாக்டர் வாயில் அது பிரெஞ்சு ஒலியோடு ‘ரெத்தினோபாத்தி’ என்று வரும். தாளில் ஆங்கில எழுத்தில் ‘ரெட்டினோபதி’ என்று இருக்கும். வீட்டில் பெரியவர்கள் என்னவென்று கேட்டால், “கண்ணில் ஏதோ சின்னப் பிரச்சினை” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறோம். இந்தத் தீவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இந்தச் சொல் புரியாமல் இருக்கக் கூடாது.

தமிழில் இதற்கு விழித்திரை நோய் என்று பெயர். சர்க்கரையால் வந்தது என்று குறிப்பிட வேண்டுமானால் நீரிழிவு விழித்திரை நோய்.

சொல்லை இரண்டாகப் பிரிக்கலாம்: ரெட்டினா, பதி. ரெட்டினா என்பது கண்ணின் உட்புறம் பின்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய படலம். ஒளி அதன்மேல் விழுந்துதான் நமக்குப் பார்வை கிடைக்கிறது. கிரேக்க மருத்துவர்களும் பிறகு அரபு மருத்துவர்களும் அந்தப் படலத்தை வலையோடு ஒப்பிட்டார்கள். லத்தீனில் வலைக்கு ‘ரேத்தே’ என்று பெயர். அதிலிருந்து ரெட்டினா வந்தது. போனில் சிக்னல் கிடைக்காதபோது நாம் ‘ரெசோ இல்லை’ என்கிறோமே, அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் மூலம் இதே வலைதான். தமிழில் வலையை விட்டுவிட்டுத் திரை என்றார்கள். படம் விழும் இடம் திரை. அந்தப் படலம் செய்யும் வேலையையே பெயராக வைத்ததால், எனக்கு இது மூலச்சொல்லைவிடத் தெளிவாகப் படுகிறது.

அடுத்தது ‘பதி’. கிரேக்கத்தில் ‘பாத்தோஸ்’ என்றால் ஒருவர் படுவது: துன்பம், வேதனை, மனத்தை ஆட்டும் உணர்ச்சி எல்லாம் அதில் அடங்கும். தமிழில் ‘படு’, ‘பாடு’ என்ற சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். துன்பப்படுகிறோம், பாடுபடுகிறோம், ‘என் பாடு எனக்குத்தான் தெரியும்’ என்கிறோம். இரண்டு மொழிக்கும் இதில் உறவு எதுவும் இல்லை, எண்ணம் மட்டும் ஒன்று. ‘நோய்’ என்ற சொல்லும் அப்படியே. ‘நோ’ என்றால் வலித்தல்; நோவு, நோய் இரண்டும் அதில் பிறந்தவை. சங்கப் பாடல்களில் காதலனைப் பிரிந்த தலைவி ‘நோய்’ என்று சொல்வது காய்ச்சலை அல்ல, மனத்தின் வேதனையை. பாத்தோஸுக்கும் இதே இரண்டு பக்கமும் உண்டு. ஆக ‘பதி’ என்று முடியும் சொற்களுக்கு ‘நோய்’ என்று போடுவது சரியான பொருத்தம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ‘ரெட்டினைட்டிஸ்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. ‘ஐட்டிஸ்’ என்ற வால் வந்தால் அது அழற்சி. கிரேக்கத்தில் அந்த விகுதிக்கு முதலில் ‘அதைச் சேர்ந்தது’ என்ற பொருள்தான் இருந்தது. ‘ஆர்த்ரைட்டிஸ்’ என்றால் மூட்டைச் சேர்ந்த நோய். பிற்காலத்தில்தான் உறுப்பு சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கும் நிலைக்கு அது பெயராக நின்றது. அந்த நான்கு அடையாளங்களையும் செல்சஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். அழல் என்றால் தீ. அதிலிருந்து வந்த ‘அழற்சி’ மருத்துவத் தமிழின் மிக நல்ல சொற்களில் ஒன்று. மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி, குடல்வால் அழற்சி என்று எந்த உறுப்போடும் ஒட்டும். பிரெஞ்சில் இதே வால் ‘இத்’ என்று குறுகிவிடும்: டாக்டர் ‘ஆர்த்ரித்’, ‘எப்பாத்தித்’ என்பார், தாளில் ஆர்த்ரைட்டிஸ், ஹெப்பட்டைட்டிஸ் என்று இருக்கும். நோய் ஒன்றுதான்.

சரி, விழித்திரை நோய்க்கு வருவோம். இதற்கு உடன்பிறந்தவை இரண்டு: நெஃப்ரோபதி, நியூரோபதி. சிறுநீரக நோய், நரம்பு நோய். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாகவே இருந்தால் மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் சுவர் கெடுகிறது. அப்படிப்பட்ட நுண்குழாய்கள் நிறைந்த இடங்கள் விழித்திரையும் சிறுநீரகமும். நரம்புகளுக்கு உணவு கொண்டுபோவதும் அதே நுண்குழாய்கள்தான். விழித்திரையில் அவை கசிகின்றன, அடைபடுகின்றன. பிறகு உறுதியில்லாத புதுக் குழாய்கள் முளைத்து உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பரவுகிறது. ஆரம்பத்தில் வலி இல்லை, பார்வையும் மங்காது. “நன்றாகத்தான் தெரிகிறது, எதற்குக் கண் டாக்டர்?” என்று கேட்கும் பெரியவரிடம் சொல்ல வேண்டியது இதுதான். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்க்கும் அந்த வருடாந்தரப் பரிசோதனையை விடவே கூடாது. சுப்பிரமணிய பாரதியின் பெயரையே ஒரு கண் மருத்துவமனைக்கு வைத்த நாடு இது. மோக்காவில் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போன தமிழர்களுக்கு, உள்ளே என்ன பார்க்கிறார்கள் என்பது தமிழிலும் தெரிந்திருக்க வேண்டும்.

‘நியூரோ’ என்ற வேரையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘நியூரோன்’ என்றால் முதலில் தசைநாண், கயிறு. வில்லின் நாணுக்கும் அதே குடும்பத்துச் சொல்தான். நம் ‘நரம்பு’ம் யாழில் கட்டிய நரம்பு, கையில் புடைத்துத் தெரியும் நரம்பு, மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பு என எல்லாவற்றுக்கும் பொது. கால் மரத்துப்போனவருக்கு ‘நரம்பு நோய்’ என்று விளக்கும்போது, கையில் பச்சையாகத் தெரிகிற அந்த இரத்தக் குழாய் இல்லை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வது நல்லது.

சிறுநீரகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே உறுப்புக்கு ‘நெஃப்ரோ’ என்றும் ‘ரீனல்’ என்றும் இரண்டு பெயர். முன்னது கிரேக்கம், பின்னது லத்தீன். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு லத்தீன் பாதி பாடுபடாமலே வந்துவிடும். சிறுநீரகம் ‘ரேன்’, அதனால் ‘ரீனல்’ புரியும். நுரையீரல் ‘பூமோன்’, அதனால் ‘புல்மோனரி’ புரியும். உட்கார்ந்து கற்க வேண்டியது கிரேக்கப் பாதியைத்தான்: நெஃப்ரோ சிறுநீரகம், ஹெப்பட்டோ கல்லீரல், கார்டியோ இதயம், ஹீமோ இரத்தம், ஓட்டோ காது, ரைனோ மூக்கு. கடைசி இரண்டோடு குரல்வளையைச் சேர்த்ததுதான் பிரெஞ்சில் ஓ-எர்-எல் என்று சுருக்கிச் சொல்லும் பிரிவு. ஆங்கிலப் பலகையில் அதுவே இ.என்.டி.

நோயின் தலைப்பெயரான ‘டயபெட்டிஸ் மெல்லிட்டஸ்’ தனியாக ரசிக்க வேண்டிய சொல். ‘டயபெட்டிஸ்’ என்றால் ஊடே கடந்து போவது. குடித்த நீர் நிற்காமல் இறங்கிப் போவதைக் கண்டு வைத்த பெயர். தமிழில் நீரிழிவு. ‘இழிதல்’ என்றால் இறங்குதல், கீழே வழிதல். இதில் இழிவு என்பதற்கு அவமானம் என்ற பொருளே இல்லை; அப்படி நினைத்து இந்தச் சொல்லைத் தவிர்ப்பவர்கள் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம். ‘மெல்லிட்டஸ்’ என்றால் தேன் இனிப்பு. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் வழங்கும் ‘மதுமேக’த்தில் உள்ள ‘மது’வும் தேன்தான். இவர்கள் தேன் என்று பெயர் வைத்து எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1670களில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீர் இனிக்கிறது என்று எழுதினார்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது ‘ஹைப்பர்’, ‘ஹைப்போ’ என்ற இரண்டு முன்னொட்டுகளைப் பற்றித்தான். முதலாவது மேலே, மிகுதி. இரண்டாவது கீழே, குறைவு. பிரெஞ்சில் ‘ஹ’ ஒலிக்காது. ‘இப்பெர்க்ளிசெமி’, ‘இப்போக்ளிசெமி’ என்று வேகமாகச் சொன்னால் காது சரியாகக் கேட்காத ஒரு பெரியவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் செய்ய வேண்டியதோ நேர் எதிர். சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் சுமார் 15 கிராம் சர்க்கரையை உடனே கொடுக்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தமிழில் ‘சர்க்கரைக் குறைவு’, ‘சர்க்கரை மிகுதி’ என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ஒன்றை மற்றொன்றாகக் கேட்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் குறிப்பில் இந்த இரண்டையும் தமிழிலும் கிரியோலிலும் எழுதி வையுங்கள்.

வேர்களை நம்பிப் படிக்கும்போது சில இடங்களில் அவை கைவிட்டுவிடும். ‘ஓமா’ என்றால் கட்டி என்று படித்தவர் ‘கிளாக்கோமா’வைப் பார்த்துக் கண்ணில் கட்டி என்று பயப்படுவார். அங்கே கட்டி கிடையாது. அது கண் அழுத்த நோய். ‘அனீமியா’வை அப்படியே பிரித்தால் ‘இரத்தம் இல்லாமை’. இரத்தம் இல்லாமல் யாரும் இருக்க முடியாதே. நம் ‘இரத்தசோகை’ வெளுத்துப்போன உடம்பைக் காட்டுவதால் அங்கே மூலத்தைவிட நன்றாக நிற்கிறது.

இப்படிப்பட்ட சொற்களை நம் மாலை வகுப்புகளிலும், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் தமிழ்ப் பாடங்களிலும் பிள்ளைகளுக்குத் தரலாம் என்பது என் விருப்பம். கிரியோலில் பேசி, பிரெஞ்சில் படித்து, ஆங்கிலத்தில் தேர்வெழுதும் பிள்ளைக்கு ‘அழற்சி’ ஒன்று தெரிந்தால் மூன்று மொழியிலும் ஒரு வால் பிடிபடும். மருத்துவத்தைத் தமிழில் கற்பிப்பதும் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார்.

எந்தத் தமிழ்ச் சொல் என்று கேள்வி வரும் இடமும் உண்டு. சிறுநீரக நோய் முற்றியவருக்குச் செய்யும் ‘டயாலிசிஸ்’ அப்படி ஒன்று. ‘டயா’ ஊடே, ‘லிசிஸ்’ அவிழ்த்தல், பிரித்தல். வேதியியலில் இந்தப் பொருளில் 1861இல் இதைக் கொண்டுவந்தவர் தாமஸ் கிரஹாம். பாடநூல்களில் ‘கூழ்மப்பிரிப்பு’ என்று இருக்கிறது. வேதியியலுக்கு அது சரி. ஆனால் வாரம் மூன்று முறை இயந்திரத்தோடு நாலு மணி நேரம் படுத்திருப்பவருக்கும் அவர் வீட்டாருக்கும் ‘இரத்தச் சுத்திகரிப்பு’ என்பதுதான் விஷயத்தைச் சொல்கிறது. நான் அதையே எழுதுகிறேன்.