துண்டு எடுத்தால்தான் தெரியும்

மாதக்கணக்கில் வயிற்றுவலி. நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுகிறது, பிறகு குமட்டல். எடை குறைந்துகொண்டே போகிறது. எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். திரையில் இரைப்பையின் உட்சுவர் இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்போடு தெரிகிறது. புண் இல்லை, கட்டி இல்லை. 'நார்மல்' என்று அறிக்கை வருகிறது. வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்படி வருகிறவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு நோய் அந்தப் பளபளப்புக்குள்தான் ஒளிந்திருக்கிறது. இரைப்பையையும் சிறுகுடலையும் தாக்கும் அரிய அழற்சி நோய்கள் பல உண்டு. அவற்றில் கேமராவை நன்றாகவே ஏமாற்றக்கூடிய ஒன்றை இங்கே பார்ப்போம்: இயோசினோஃபில் இரைப்பைக் குடல் அழற்சி.

இயோசினோஃபில் என்பது ஒருவகை வெள்ளை அணு. 1879-இல் பால் எர்லிக் இதை அடையாளம் கண்டார். இயோசின் என்ற சாயத்தை இந்த அணு ஆசையாக உறிஞ்சிக்கொள்வதால் இந்தப் பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு இதழாகப் பிரிந்த உட்கரு தெரியும். அதைச் சுற்றி செக்கச் சிவந்த மணிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். புழுக்களை எதிர்க்கும் புரதங்கள் அந்த மணிகளில்தான் இருக்கின்றன. புழு எதுவும் இல்லாதபோது அவை வெடித்துச் சிதறினால், அடி வாங்குவது சொந்தக் குடல்தான்.

இந்த அணு குடலில் இருப்பதே நோயல்ல. உணவுக்குழாயின் சுவரில் இது இருக்கவே கூடாது. அங்கே தென்பட்டால் உடனே சந்தேகம் வரும். இரைப்பையிலும் சிறுகுடலிலும் இது வழக்கமாகக் குடியிருக்கும் அணு. கீழே போகப்போக எண்ணிக்கை கூடி, பெருங்குடலின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொடுகிறது. ஆகவே 'இயோசினோஃபில் இருக்கிறது' என்று அறிக்கையில் எழுதினால் ஒன்றும் விளங்காது. எத்தனை என்று எண்ணியாக வேண்டும்.

எண்டோஸ்கோப் குழாயின் வழியே ஒரு குட்டி இடுக்கி உள்ளே போகிறது. சுவரைக் கவ்வி, 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கிள்ளி எடுக்கிறது. அந்தத் துண்டு ஃபார்மலின் புட்டியில் விழுகிறது, பிறகு மெழுகில் பதிக்கப்படுகிறது. சில மைக்ரான் தடிமனுக்குச் சீவி, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் ஏற்றினால் நோயியல் நிபுணர் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார். மருத்துவ ஆய்வுகளில் கடைப்பிடிக்கப்படும் அளவுகோல் இது: இரைப்பையில், ஒரு நுண்ணோக்கிப் புலத்துக்கு (ஒரே பார்வையில் தெரியும் வட்டத்துக்கு) 30 அணுக்களாவது, குறைந்தது 5 புலங்களில் இருக்க வேண்டும். சிறுகுடலின் முதல் பகுதியான முன்சிறுகுடலில் அதே 30, குறைந்தது 3 புலங்களில். ஒரு நுண்ணோக்கியின் புலம் இன்னொன்றின் புலத்தைவிடப் பெரிதாக இருக்கலாம் என்பது இந்த அளவுகோலின் குறை. அதனால் எண்ணிக்கையோடு புலத்தின் பரப்பையும் குறிப்பிடுவதுதான் நியாயம்.

இந்த அழற்சி சுவர் முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. திட்டுத்திட்டாக இருக்கும். ஒரு துண்டில் ஐம்பது அணுக்கள் இருக்க, பக்கத்துத் துண்டு சாதுவாக இருக்கலாம். இந்த நோயைச் சந்தேகிப்பவர்கள் இரைப்பையிலிருந்து எட்டு, முன்சிறுகுடலிலிருந்து நான்கு என்று துண்டுகள் எடுப்பது இதனால்தான். அதுவும், பார்வைக்கு நன்றாக இருக்கிற இடங்களிலிருந்தும் எடுக்க வேண்டும். சிவந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு வந்தால் நோய் நழுவிவிடும். அனுப்பும் சீட்டில் 'இயோசினோஃபில்களை எண்ணவும்' என்று ஒரு வரி எழுதிவிடுவதும் முக்கியம் என்பேன். கேட்காவிட்டால் பலரும் எண்ணுவதில்லை.

அப்படியும் இடுக்கிக்கு எட்டாத ஆழம் உண்டு. குடல் சுவரில் நோய் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை வைத்து க்ளைனும் அவருடைய சகாக்களும் 1970-இல் மூன்று வகையாகப் பிரித்தார்கள். உட்பக்கச் சளிப்படலத்தில் இருந்தால் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, புரத இழப்பு. தசை அடுக்கில் இருந்தால் சுவர் தடித்து அடைப்பு வரும். வெளிப்படலத்தில் இருந்தால் வயிற்றில் நீர் கோக்கும். கடைசி இரண்டு வகைகளில் சளிப்படலத் துண்டு சுத்தமாக வந்துவிடக்கூடும். வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் அதில் இயோசினோஃபில்கள் மொய்த்துக் கிடக்கும். தசை வகையில் சி.டி. ஸ்கேன் தடிப்பைக் காட்டும். உறுதிசெய்ய, சில சமயம் அறுவை செய்து முழுச் சுவரின் துண்டையே எடுக்க வேண்டியிருக்கும்.

ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. ரத்தத்தில் இயோசினோஃபில் கூடியிருந்தால் நல்ல தடயம்தான். கணிசமான நோயாளிகளுக்கு அது இயல்பான அளவிலேயே இருக்கிறது.

எண்ணிக்கை கூடுதல் என்று தெரிந்த பிறகும் வேலை முடியவில்லை. குடலின் இன்னொரு நாள்பட்ட அழற்சியான கிரோன் நோய், கோதுமைப் புரதம் தூண்டிவிடும் தன்னெதிர்ப்பு நோயான சீலியாக் நோய், சில மருந்துகள், ரத்த நோய்கள், குடல் புழுக்கள், இவை எல்லாமே இதே அணுக்களைக் குடலுக்கு இழுக்கும். ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அவற்றில் ஒன்றை விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து: ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் என்ற நூற்புழு. இது சிறுகுடலில் பல்லாண்டுகள் சத்தமில்லாமல் வாழும். மலத்தை ஒருமுறை பார்த்தால் அகப்படாமல் போகலாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் தேவைப்படும். இயோசினோஃபில் அழற்சிக்கு முதலில் கைகொடுப்பது, அழற்சியை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டு. புழு இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால், அதன் இளம்புழுக்கள் உடல் முழுக்கப் பரவி ஆளையே கொன்றுவிடக்கூடும்.

ஸ்டீராய்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது இயோசினோஃபில்களை வேகமாகக் கரைத்துவிடும். வலி தாங்காமல் யாரோ எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு எண்டோஸ்கோப்பிக்குப் போனால், எண்ணுவதற்கு அங்கே அணுவே மிச்சமிருக்காது. எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நீங்களாகவே ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் ஆபத்து.

'நார்மல்' என்ற பழைய அறிக்கையோடு இன்னமும் வலியில் தவிப்பவர்கள் அதை எடுத்து மறுபடி படியுங்கள். துண்டு எடுத்தார்களா, எங்கிருந்து, எத்தனை? எடுத்திருந்தால் அந்த மெழுகுக் கட்டிகளை ஆய்வுக்கூடங்கள் வழக்கமாகப் பல ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைக்கும். மறுபடி சீவி எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு இன்னொரு முறை குழாயை விழுங்க வேண்டியதில்லை.