கொலராடோவில் முதல் எல்க் வேட்டை: லைசன்ஸ், நிலம், விதிகள்

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை என்றாலே குற்றம் என்று நமக்குப் பதிந்துவிட்டது. அதனால் டென்வருக்கு வேலைக்கு வந்தவர்கள், கூட வேலை செய்பவர் அக்டோபரில் ஒரு வாரம் லீவு போட்டுத் துப்பாக்கியோடு மலைக்குப் போவதைப் பார்த்து முதலில் திகைப்பார்கள். அப்புறம் சிலருக்குத் தானும் போக வேண்டும் என்று தோன்றும். போகலாம். முறைப்படி போக வேண்டும், அவ்வளவுதான்.

எல்க் என்பது நம் கடமானின் உறவு, அதைவிடப் பெரியது. ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விதிகள் தானாக விளங்கும்: நிலம் மத்திய அரசுடையது, விலங்கு மாநிலத்துடையது. வொயிட் ரிவர், சான் ஹுவான் போன்ற தேசிய வனங்களும், நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களும் எல்லாருக்கும் பொது. அங்கே வேட்டையாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை இலவசமாகக் கூடாரம் போட்டுத் தங்கலாம். எல்க்கைச் சுடத்தான் மாநிலத்தின் பூங்கா, வனவிலங்குத் துறை தரும் லைசன்ஸ் வேண்டும். அதனால்தான் அதே மலையில் நிற்கும் இருவரில் உள்ளூர்க்காரர் நூறு டாலருக்கும் குறைவாகவும், வெளி மாநிலத்தவர் 800 டாலர் அளவிலும் கட்டுகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர் தொடர்ந்து ஆறு மாதம் கொலராடோவில் வசித்த பிறகே உள்ளூர்க்காரர் ஆவார். பொறுக்க முடிந்தால் அந்த ஆறு மாதம் பொறுங்கள்.

லைசன்ஸுக்கு முன்னால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த அனைவருக்கும் கட்டாயம். வேறு மாநிலத்தில் முடித்த சான்றிதழும் செல்லும்.

வேலை விசாவில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் அந்தச் சட்டம் பாயும். அதற்கு ஒரு விலக்கு உண்டு: அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். லைசன்ஸ் முடிந்த அன்றே அந்த விலக்கும் முடியும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பல வருட உழைப்பில் வந்த விசாவை ஒரு வார இறுதிக்காகப் பணயம் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே துப்பாக்கியைத் தொடுங்கள்.

லைசன்ஸ் இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று குலுக்கல்; விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். கிடைக்காதவருக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். மாநிலத்தை யூனிட் எனும் வேட்டைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல யூனிட்டுகளுக்குப் பத்து, இருபது புள்ளிகளோடு பலர் வரிசையில் நிற்கிறார்கள், அதனால் முதல் வருடமே அவற்றின் மேல் ஆசை வைக்க வேண்டாம். இன்னொன்று கடையில் நேரடியாக வாங்கும் லைசன்ஸ். ஆகஸ்டில் விற்பனைக்கு வரும். 2025இல் இரண்டாம், மூன்றாம் ரைபிள் பருவங்களில் (துப்பாக்கி வேட்டைக்கென ஒதுக்கிய நாட்கள்) பல யூனிட்டுகளில் ஆண் எல்க்குக்கு இப்படி வாங்க முடிந்தது. வெளி மாநிலத்தவர் வில் வேட்டைக்கு இப்படி வாங்குவது பெரும்பாலான யூனிட்டுகளில் அதே 2025இல் நின்றுவிட்டது. ஆண்டுதோறும் மாறும் விதி இது. அந்த வருடத்துக் கையேட்டைத்தான் நம்ப வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது எல்லையில். கொலராடோவில் தனியார் நிலத்துக்காரர் பலகையோ வேலியோ வைக்க வேண்டிய கடமை இல்லை. எது யாருடையது என்று தெரிந்து வைத்திருப்பது வேட்டைக்காரரின் பொறுப்பு. அதனால் நில உரிமை காட்டும் வரைபடச் செயலியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் கிடைக்காது. உங்கள் யூனிட்டைக் கோடையில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஒன்பதாயிரம், பத்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு எப்படி வாங்குகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ரைபிள் பருவத்தில் பளீர் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிற உடை 500 சதுர அங்குலமாவது இடுப்புக்கு மேல் தெரிய வேண்டும், தலையிலும் அதே நிறம் வேண்டும். பெரும்பாலான யூனிட்டுகளில் ஆண் எல்க்குக்கு ஒரு கொம்பிலாவது நான்கு கிளை இருக்க வேண்டும். அல்லது புருவக் கிளை (கொம்பின் அடியில், நெற்றிக்கு மேலே முளைக்கும் கிளை) ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். எண்ண முடியவில்லை என்றால் சுடாதீர்கள்.

சுட்ட பிறகு லைசன்ஸோடு வரும் டேக் என்ற அடையாளச் சீட்டில் கையெழுத்தும் தேதியும் போட்டு, உடலைக் கொண்டுபோகும்போது அதோடு கட்டியிருக்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விடக் கூடாது; கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போவது பெருங்குற்றம். ஒரு பெரிய எல்க்கின் இறைச்சியைத் தனி ஆள் முதுகில் சுமந்தால் நான்கைந்து நடை ஆகும். வண்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

மான்களுக்கு வரும் சிடபிள்யூடி என்ற மூளை நோய் கொலராடோவில் உண்டு. சில யூனிட்டுகளில் தலையைத் துறையிடம் பரிசோதனைக்குக் கொடுப்பது கட்டாயம். கட்டாயம் இல்லாத இடத்திலும் கொடுங்கள், முடிவு வரும்வரை இறைச்சியை ஃப்ரீசரில் வைத்திருங்கள். நோய் உறுதியானால் அதைச் சாப்பிட வேண்டாம் என்றே சுகாதாரத் துறை சொல்கிறது.