பின்னோக்கி இழுத்துப் பாருங்கள்: வீடியோ எடிட்டரைச் சோதிக்க ஒரு வழி

எந்த வீடியோ எடிட்டர் மென்பொருள் சுலபம் என்று கேட்டால், பெரும்பாலோர் பட்டன்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். பட்டன்கள் சில நாளில் கைக்குப் பழகிவிடும். வீட்டுக் கணினியில் பொறுமையைச் சோதிப்பது வேறு சங்கதி: பிளே அழுத்தினால் படம் விக்கி விக்கி ஓடும், ஓரிடத்தில் கிளிக் செய்தால் அந்தக் காட்சி வர நேரமாகும். அதே கோப்பு சாதாரண பிளேயரில் தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. எடிட்டரில் மட்டும் ஏன் திணறல்?

கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். வீடியோ என்பது வேகமாக ஓடும் படங்களின் வரிசை. அதில் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். முழு எச்.டி. வீடியோவின் ஒரு ஃபிரேமில் 1920 x 1080, அதாவது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் ஃபிரேமுக்கு 6 எம்.பி. விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 11 ஜி.பி. வர வேண்டும். போனில் எடுத்த ஒரு நிமிடக் கோப்போ 100 எம்.பி.யை ஒட்டித்தான் இருக்கிறது. மீதி எங்கே?

சேமிக்கப்படவே இல்லை. 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 போன்ற சுருக்க முறைகள் எல்லா ஃபிரேமையும் முழுப் படமாக வைப்பதில்லை. எப்போதாவது ஒன்றுதான் முழுப் படம். அதற்குக் கீஃபிரேம் என்று பெயர். நடுவில் இருப்பவை எல்லாம் வெறும் குறிப்புகள்: இந்தத் துண்டு இரண்டு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது, இந்த மூலையில் நிறம் கொஞ்சம் மாறியது, மற்றது பழையபடி. சில ஃபிரேம்கள் தமக்குப் பின்னால் வரப்போகும் ஃபிரேமையும் பார்த்தால்தான் உருவாகும்.

பிளேயருக்கு இதில் சிரமமில்லை. அது முன்னோக்கியே போகிறது. சற்றுமுன் விரித்த, அதாவது குறிப்பிலிருந்து மறுபடி முழுமையாக்கிய, படம் கையிலேயே இருக்கிறது. எடிட்டரில் நாய் குதிக்கும் சரியான நொடியைத் தேடி நீங்கள் 58-ஆவது ஃபிரேமில் கிளிக் செய்கிறீர்கள். கீஃபிரேம் இருப்பது 1-இல் என்றால், அங்கிருந்து வரிசையாக விரித்துக்கொண்டு வர வேண்டும். ஒரு ஃபிரேம் பின்னால் போகலாம் என்று அம்புக்குறியை அழுத்தினால், விரித்ததை நினைவகத்தில் வைத்திருக்காத எடிட்டர் மறுபடி 1-இலிருந்து தொடங்கும். தடங்கலில்லாமல் ஓட ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 33 மில்லிவிநாடி. அதற்குள் நிறத்திருத்தம், எழுத்து, மங்கல் என்று நீங்கள் சேர்த்த அத்தனையும் கணக்கிட்டு முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே புதிய எடிட்டரை நிறுவியதும் மாதிரி வீடியோவை நம்பாமல், உங்கள் போனில் எடுத்த கோப்பையே போட்டு, டைம்லைனில் (வீடியோத் துண்டுகள் வரிசையாக நிற்கும் பட்டையில்) மெதுவாகப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். படம் விரலோடு கூடவே வந்தால் உங்கள் கணினிக்கும் அந்த மென்பொருளுக்கும் ஒத்துப்போகிறது. வராவிட்டால் இரண்டு விஷயம் பார்க்கலாம். ஒன்று, வன்பொருள் வழி விரித்தல். இன்டெல் 2011 முதல் தன் பல சில்லுகளில் இதற்கென்றே தனிச் சுற்று வைத்திருக்கிறது. எடிட்டர் அதைப் பயன்படுத்துகிறதா என்பதை அமைப்புகளில் தேடுங்கள். இன்னொன்று பிராக்ஸி. மூல வீடியோவுக்குச் சிறிய, எளிதில் விரிகிற நகல் ஒன்றை எடிட்டர் தயார்செய்துகொள்ளும். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் நகலில். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது மூலக் கோப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஷாட்கட், கேடென்லைவ் என்ற எடிட்டர்கள் இரண்டிலும் இந்த வசதி உண்டு, இரண்டும் இலவசம், திறமூலம். அதனால்தான் வீட்டுக்கு என்று கேட்பவர்களிடம் முதலில் ஷாட்கட்டைச் சொல்வேன். பார்க்க அழகாக இருக்காது, சரி, பரவாயில்லை.

மேக் வைத்திருப்பவர் ஐமூவியில் தொடங்கலாம். விண்டோஸ் 11-இல் கிளிப்சாம்ப் கூடவே வருகிறது. சின்ன வேலைக்குப் போதும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தரும் வசதிகள் ஏராளம், ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அதை ஏற்றுவது வீண் வேதனை.

முன்னும் பின்னும் நறுக்கினால் போதும் என்றால் எடிட்டரே வேண்டாம். லாஸ்லெஸ்கட் போன்ற கருவிகள் எதையும் விரிக்காமல் கோப்பை அப்படியே துண்டாக்கும். தரம் துளியும் குறையாது, பெரிய கோப்பும் சட்டென்று முடியும். ஆனால் துண்டு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும் என்பதால் நீங்கள் குறித்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே வீடியோ ஆரம்பிக்கலாம்.

போன் வீடியோவில் இன்னொரு தொல்லை உண்டு. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் விநாடிக்கான ஃபிரேம் எண்ணிக்கையைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். சீரான வேகத்தை எதிர்பார்க்கும் எடிட்டரில் போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் ஆகிவிடும். ஷாட்கட் இதைக் கண்டுபிடித்து, மாற்றித் தரவா என்று கேட்கும். கேட்காத எடிட்டர் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றி மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், புராஜெக்ட் கோப்பைச் சேமித்தாயிற்று என்று மூல வீடியோக்களை அழித்துவிடாதீர்கள். பெரும்பாலான எடிட்டர்களின் புராஜெக்ட் கோப்பில் படம் எதுவும் இருக்காது. எந்தக் கோப்பை எங்கிருந்து எதுவரை ஓட்டுவது என்கிற கட்டளைகள்தான் இருக்கும். மூலக் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால்கூடக் காணவில்லை என்று புகார் சொல்லும். வேலை தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவிடுவது நல்லது.