ட்ரிப்யூட் ஆல்பமா? ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே லைசென்ஸைப் பேசுங்கள்

இசை உரிமை வழக்குகளைப் பார்ப்பவன் என்பதால், என்னிடம் வரும் சுயாதீன இசைக்குழுக்கள் எந்தக் கட்டத்தில் வருகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பாட்டெல்லாம் ரெக்கார்ட் ஆகி, மிக்ஸிங் முடிந்து, அட்டை டிசைன்வரை தயாராகி, அதற்கு அப்புறம்தான் "சார், இதுக்கு பெர்மிஷன் ஏதாவது வாங்கணுமா?" என்ற கேள்வி வரும். பிடித்த ராக் பேண்டின் பாட்டுகளை நாங்களே வாசித்துப் பாடி ட்ரிப்யூட் ஆல்பமாக மரியாதைதானே செய்கிறோம், லாபம்கூட வேண்டாம், வரும் பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்பார்கள். அதனால் மட்டும் சட்டம் விலக்கு தராது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதி மெட்டமைத்தது ஒன்று, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொன்று. நீங்களே முழுக்க வாசித்துப் பாடினால் அசல் ஒலிப்பதிவை வைத்திருக்கும் நிறுவனமான லேபிளிடம் போக வேண்டியதில்லை, பாட்டை எழுதியவர்கள் சார்பில் அதன் உரிமையைக் கவனிக்கும் பப்ளிஷர் போதும். ஆனால் அசல் பதிவிலிருந்து ஒரு கிட்டார் துணுக்கை வெட்டி ஒட்டினாலும் லேபிளின் வாசலிலும் நிற்க வேண்டும்.

நியூயார்க்கின் ஈஸி ஸ்டார் என்ற சின்ன லேபிள் 2003-ல் வெளியிட்ட 'டப் சைட் ஆஃப் தி மூன்' நல்ல உதாரணம். பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் 1973 ஆல்பமான 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' முழுவதையும் ஜமைக்கா பாணி இசையான ரெகேவாக மாற்றி வாசித்தார்கள். 'மனி' பாட்டின் தொடக்கத்தில் வரும் கல்லாப்பெட்டிச் சத்தத்துக்குப் பதிலாகப் புகைப்பதும் இருமுவதுமாக ஒரு குறும்பு! இப்படிச் செய்ய அமெரிக்கக் காப்பிரைட் சட்டத்தின் 115-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. உரிமையாளர் சம்மதத்தோடு அங்கே ஒருமுறை வெளியான பாட்டை, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, நிர்ணயித்த தொகையைக் கட்டினால் யாரும் பதிவு செய்யலாம். அடிப்படை மெட்டும் பாட்டின் இயல்பும் மாறாதவரை உங்கள் பாணிக்கு ஏற்ப வாசித்துக்கொள்ளலாம். சிடிக்கும் டவுன்லோடுக்கும் 2025-ல் ஒரு பாட்டுக்கு 12.7 சென்ட். 10 பாட்டு, 1000 சிடி என்றால் 1270 டாலர். 5 நிமிடத்தைத் தாண்டிய பாட்டுக்கு நிமிடக் கணக்கு (பிங்க் ஃப்ளாய்ட் ரசிகர்கள் கவனிக்க).

அங்கே முடிந்ததே, இங்கேயும் முடியும் என்று நினைப்பதில்தான் சிக்கல். நம் காப்பிரைட் சட்டத்தில் 2012 திருத்தம் கொண்டுவந்த 31சி பிரிவு கவர் பதிவுகளை, அதாவது ஏற்கெனவே வந்த பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதை, அனுமதிக்கிறது, ஆனால் அதைப் படித்தால் ட்ரிப்யூட் ஆல்பத்தை மனதில் வைத்தே கதவைச் சாத்தினார்களோ என்று தோன்றும். முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அது பழைய ராக்குக்குப் பிரச்சினை இல்லை. ராயல்டியை முன்கூட்டியே கட்ட வேண்டும், அதுவும் பொதுவாக ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதி என்று கணக்கு வைத்து; முந்நூறு சிடி அடிக்கிற குழுவுக்கு இது எங்கே கட்டுப்படியாகும்? தொழில்நுட்பரீதியில் தேவைப்படாத எந்த மாற்றமும், உரிமையாளர் ஏற்கெனவே சம்மதித்ததாக இல்லாவிட்டால், பாட்டில் செய்யக்கூடாது. கடைசியாக, அட்டையில் அசல் பாடகர் பெயரோ படமோ வரவே கூடாது, 'இது கவர் பதிவு' என்று போட வேண்டும். பேண்டின் பெயரைப் போடாமல் அந்த பேண்டுக்கு ஒரு ட்ரிப்யூட் ஆல்பம், யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் சொல்வது, 31சி-யை மறந்துவிட்டு பப்ளிஷருக்கோ அவர்களின் இந்தியப் பிரதிநிதிக்கோ நேரடியாக எழுதி, பேசித் தீர்த்த லைசென்ஸ் வாங்குங்கள். இசையை மாற்றி அமைப்பதற்கும் அட்டையில் பெயர் போடுவதற்கும் தனித்தனியாக, எழுத்தில் சம்மதம் கேளுங்கள். பேண்ட் பெயர் டிரேட்மார்க்காகவும் இருக்கலாம், அதற்கு பப்ளிஷர் பதில் சொல்ல முடியாது. பதில் வரத் தாமதமாகும், அதனால்தான் ஸ்டுடியோவை புக் செய்வதற்கு முன்னாடியே என்கிறேன்.

யாருக்கு எழுதுவது என்பதைப் பழைய எல்பி அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே 1973 ஆல்பத்தின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் சொல்லே இல்லாமல் குரலால் உருகிய கிளேர் டோரிக்கு அன்று கிடைத்தது 30 பவுண்டு. அவர் 2004-ல் வழக்குப் போட்டார், 2005-ல் சமரசமாகி, இப்போது பேண்டின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டோடு அவர் பெயரும் அந்தப் பாட்டை இயற்றியவர் என்று சேர்ந்துவிட்டது.

பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிப்யூட்டரின் படிவத்தில் 'கவர்' என்று டிக் செய்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. 2021 முதல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங் சேவைகளே மொத்த லைசென்ஸ் எடுத்து எம்எல்சி என்ற அமைப்பு வழியாகப் பணம் கொடுக்கின்றன, உண்மைதான். அது அந்த நாட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மட்டும். வீடியோவுக்கு சிங்க் உரிமை (பாட்டைக் காட்சியோடு சேர்க்கும் உரிமை) தனி, அதைக் கொடுப்பதும் மறுப்பதும் பப்ளிஷர் இஷ்டம். யூட்யூபில் பப்ளிஷர் விளம்பரப் பணத்தை எடுத்துக்கொண்டு வீடியோவை விட்டுவைத்தால் அதை அனுமதி என்று எண்ண வேண்டாம், நாளைக்கே தூக்கச் சொல்லலாம்.

பல குழுக்கள் சேர்ந்து செய்தால் இன்னொரு தாளும் தேவை. ஒவ்வொரு டிராக்கின் மாஸ்டரும் (முடிந்த மூல ஒலிப்பதிவு) யாருக்குச் சொந்தம், செலவு யாருடையது, ஒரு குழு பிரிந்தால் அந்தப் பாட்டு ஆல்பத்தில் இருக்குமா என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களாக இருக்கும்போதே.