டிஸ்லொகேஷன்: இடப்பெயர்ச்சி அல்ல, பிசகு

‘துத்தநாக அணுக்கள் செம்பில் இடப்பெயர்ச்சியைத் தடுப்பதால் பித்தளை வலிமை பெறுகிறது.’ உலோகவியல் மொழிபெயர்ப்புகளில் இதுபோன்ற வாக்கியங்களைப் படித்துப் படித்துப் பொறுமை போய்விட்டது. எதன் இடப்பெயர்ச்சி? எங்கிருந்து எங்கே?

இப்படி ‘இடப்பெயர்ச்சி’ ஆக்கப்படும் டிஸ்லொகேஷன் (dislocation) லத்தீன் வழிச் சொல். இடத்தைக் குறிக்கும் ‘லோகஸ்’ அதன் வேர். மூட்டு விலகலுக்கு மருத்துவர்கள் வழங்கிவந்த சொல் பிறகு படிகங்களுக்கும் வந்தது. உலோகமும் அணுக்கள் வரிசையாக அடுக்கிய படிகம்தான். குறையற்ற படிகம் வளைய, ஓர் அணுத்தளம் முழுவதும் ஒரே வீச்சில் அடுத்த தளத்தின்மேல் சறுக்கியாக வேண்டும். அதற்குக் கணக்கிட்ட விசையில் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே தூய உலோகம் வளைந்துவிடும். ஏன் என்பதற்கு 1934இல் டெய்லர், ஓரோவான், போலான்யி என்னும் அறிவியலாளர் மூவரும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள்: அணு வரிசைகள் பொருந்தாத கோடு ஒன்று படிகத்துக்குள் ஓடுகிறது. விசை பட்டால் அந்தக் கோடு படிகத்தைக் கடந்து செல்கிறது. அணுக்களோ ஓர் அணு இடைவெளிக்கு மேல் அசைவதில்லை.

இதைப் போய் ‘இடப்பெயர்ச்சி’ என்றால் அணுக்களே ஊர் மாறிப் போவதாக அல்லவா தோன்றும்? அது விரவலின் (diffusion) கதை. மேலும், இடப்பெயர்ச்சி பள்ளி இயற்பியலிலேயே வேறொரு கருத்துக்கு (displacement) பட்டா போட்ட சொல். டிஸ்லொகேஷன் கடக்கும்போது அணுக்கள் எவ்வளவு, எத்திசையில் நகர்கின்றன என்பதைக் காட்டுவது பர்கர்ஸ் திசையன். அதை என்னவென்று விளக்குவது? ‘இடப்பெயர்ச்சி உண்டாக்கும் இடப்பெயர்ச்சியின் அளவும் திசையும்’ என்றா? படிக்கும் மாணவர் தன் அறிவைத்தான் சந்தேகிப்பார். மூலச்சொல்லைப் பிய்த்துத் துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டுவதன் பலன் இது.

கை பிசகிவிட்டது என்கிறோம். கை எங்கும் போய்விடவில்லை, பொருத்தம் விலகியிருக்கிறது. வேண்டிய பொருள் இதுதான். பேச்சுவழக்குச் சொல் அறிவியலுக்கு ஆகாது என்பவர்களின் வாதம் எனக்குப் புரிவதே இல்லை. ‘பிசகு’ தவறையும் குறிக்குமே என்றால், குறிக்கட்டும். படிகக் குறைகளில் ஒன்றுதானே இது. ‘இடப்பிறழ்வு’ என்ற மாற்றுச் சொல்லும் பிழையன்று. ஆனால் விளிம்புப் பிசகு, திருகுப் பிசகு, பிசகு அடர்த்தி என்று அடுக்கும்போது குட்டைச் சொல்லின் அருமை தெரியும்.

துத்தநாக அணு செம்பணுவைவிடச் சற்றுப் பெரியது. அது அமர்ந்த இடத்தைச் சுற்றிப் படிகம் நெரிந்து நிற்கிறது. அந்த நெரிசலில் பிசகுக் கோடு மாட்டிக்கொள்கிறது. அதை நகர்த்தக் கூடுதல் விசை வேண்டும். பித்தளையின் வலிமைக்கு இதுவே காரணம்.

‘வொர்க் ஹார்டனிங்’கை ‘வேலைக் கடினமாதல்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். செப்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் விறைத்துப்போகும். பிசகுகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. உருத்திரிவதால் இறுகுகிறது; ‘திரிபு இறுக்கம்’ என்றால் போதும்.